கேமராவுக்கு விட்ட நல்லெண்ணெய்

சுகர் லேண்ட், டெக்சஸ்
நவம்பர் 9, 2025

அன்புள்ள கண்மணிக்கு,

நான் நலம். வெண்பாவைத் தினமும் காலையில் கேமராவில் பார்த்துவிடுகிறேன், அவள் நலம் எனக்கே தெரிகிறது. உன் நலத்தைத்தான் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

தீபாவளியன்று போனில் நாம் போட்ட சண்டையில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள் என்றாய். அதன்பிறகு நீ சொன்ன யோசனை நல்ல யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை போன் அவளுக்கு மட்டும். நமக்குள் இருப்பதை எழுதிக்கொள்வோம். எழுதும்போது குரல் உயராது, நடுவில் வெட்டிப் பேசவும் முடியாது. பள்ளியில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு தமிழில் ஒரு பக்கம் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

இப்போது விஷயம். நான் ஆகஸ்டில் இங்கே வேலைக்குக் கிளம்பும் முன் போர்ச் கூரையோரம் மாட்டிய கேமராவுக்கு இது முதல் குளிர்காலம். சும்மா ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவாக இருந்தால் கவலையில்லை. இது கழுத்தைத் திருப்பும் கேமரா. உள்ளே இரண்டு மோட்டார், சின்னப் பற்சக்கரங்கள், அவற்றில் கிரீஸ். குளிரில் கிரீஸ் கெட்டியாகும், மோட்டார் திணறும். ஆகையால் நீ செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை கொஞ்சம் உண்டு.

கரண்ட்டை எப்போதும் அணைக்காதே. உள்ளே ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது, கரண்ட் இருந்தால்தான் அது சூடு கொடுக்கும். பனி விழுந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடு. ஐஸ் பிடித்தால் வெந்நீர் ஊற்றிவிடாதே, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஒயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே தொங்கும் ஒரு வளைவு விட்டிருக்கிறேன். அது அழகில்லை என்று இழுத்துக் கட்டிவிடாதே, தண்ணீர் அந்த வளைவில் வழிந்து சொட்டுவதற்காக விட்டது. எல்லாவற்றையும்விட முக்கியம், அது திரும்ப மறுக்கும்போது கையால் திருப்பாதே. அழுத்தினால் பற்சக்கரம் நொறுங்கிவிடும். குளிரில் பொறுமைதான் மருந்து.

மார்ச் முடிவதற்குள் நீயும் வெண்பாவும் இங்கே வந்துவிடுவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றாய். நான் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
அகிலன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
நவம்பர் 21, 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்கு எழுதியது என்று நினைத்துப் படித்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கேமராவுக்கு எழுதியது என்று நினைத்து மறுபடி படித்தேன், அப்போது வெகு பொருத்தமாக இருந்தது. எனக்கு ஒரு குளிர்காலத்திலும் இவ்வளவு அக்கறையாக யாரும் கிரீஸ் பார்த்ததில்லை. டெக்சஸில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எனக்குப் பனியைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள், போகட்டும். ஒயரை இழுத்துக் கட்டவில்லை. கட்டலாம் என்று நினைத்திருந்தேன், நல்லவேளை எழுதினீர்கள்.

நீங்களும் மகளும் நடத்தும் நாடகத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்தக் கேமராவுக்குக் காது உண்டு, வாய் இல்லை. அதனால் இவள் டிரைவ்வே முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியாகப் பொறுக்கி வைத்துக் கேட்கிறாள். "அப்பா, டிட் யு ஈட்?" என்றால் அது மேலும் கீழும் தலையாட்டுகிறது. "இஸ் இட் கோல்ட் தேர்?" என்றால் இடமும் வலமும் ஆட்டுகிறது. பக்கத்து வீட்டு ப்ரியம்வதா ஆன்ட்டி நாயோடு போகும்போது நின்று பார்த்துவிட்டு, "உங்க வீட்டு கேமராவுக்கு இருக்கற பொறுமை எங்க வீட்டு மனுசருக்கு இல்லம்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். "டூ யு மிஸ் அம்மா?" என்று கேட்டாள். நான் அவள் மறந்துவிட்ட லஞ்ச் பையை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பஸ் வந்து நின்ற பிறகும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்த பிறகுதான் ஓடிப்போய்ப் பையைக் கொடுத்தேன்.

இதையும் கோபமில்லாமல் எழுதிவிடுகிறேன். கேமரா டிரைவ்வேயையும் பஸ் நிற்கும் முனையையும் மட்டும் பார்க்கும், வீட்டு ஜன்னல் பக்கம் திரும்பாது என்று நீங்கள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறீர்கள். அது எனக்குப் பெரிய விஷயம். போன வருடம் ஆடிட் வேலையில் நான் ஆபீஸில் தாமதமான அன்று, என்னிடம் கேட்காமல் என் டீமில் இருக்கும் நவநீத்துக்குப் போன் செய்து "கண்மணி நிஜமா அங்கதான் இருக்காளா?" என்று கேட்டீர்களே. மறுநாள் அவன் அதை வேடிக்கையாக எல்லார் முன்னாலும் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது. நான் மார்ச் வரை நேரம் கேட்டது அதனால்தான். சுகர் லேண்டில் பள்ளிக்கூடம் எப்படி, வீடு எப்படி என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேமரா கேட்டதற்குத் தலையாட்டுவது வேறு, நிஜமாகச் சாப்பிடுவது வேறு.

அன்புடன்,
கண்மணி


சுகர் லேண்ட்
டிசம்பர் 12, 2025

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கடிதத்தைக் காரில் வைத்துப் படித்தேன். உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அங்கே எட்டு மணிக்கு அவள் வெளியே வரும்போது இங்கே ஏழு. ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டால் அவளைத் தவறவிட்டுவிடுவேன் என்று விடியும் முன்பே கிளம்பி, ஆபீஸ் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திக்கொண்டு, போனைக் கையில் வைத்துக் காத்திருக்கிறேன். கேமரா ஆப்பில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் அங்கே கேமரா ஆடுகிறது. அவள் சிரிக்கிறாள். அந்த ஐந்து நிமிஷத்துக்கு அப்புறம் அன்றைய நாள் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது. பைப்லைனில் எங்கே அழுத்தம் குறைகிறது என்று பார்ப்பது என் வேலை. இருபது வருடம் திரையில் அழுத்தம் காட்டும் ஊசியைப் பார்த்தவனுக்கு ஒரு திரையில் முகம் தெரிவது புதிதாக இருக்கிறது.

நவநீத் விஷயம் தப்புத்தான். அன்று உன் போன் எடுக்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது, பயம் வந்தால் நான் மோசமான மனுசன். சாக்கு சொல்லவில்லை. இனி உன்னைப் பற்றி எது தெரிய வேண்டுமானாலும் உன்னிடமே கேட்பேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் கீழே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வர முடியவில்லை. ஆள் குறைவு, லீவு இல்லை என்றுவிட்டார்கள். வெண்பாவிடம் ஞாயிறன்று சொன்னேன், "இட்ஸ் ஓகே, யு ஆர் ஆன் தி ரூஃப் எனிவே" என்றாள்.

ஜனவரிக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். கேமராவை ஒரே இடத்தில் நிற்கவிட்டால் கிரீஸ் இறுகிவிடும். அதனால் மணிக்கு ஒருமுறை தானாக ஒரு நடை போய்வரும்படி வைத்திருக்கிறேன். பஸ் முனையில் தொடங்கி டிரைவ்வே வழியாகக் கராஜ் பக்கச் சுவர் வரை போகும், அங்கே கொஞ்சம் நின்று, பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ராத்திரியில் சத்தம் கேட்டால் நான் வேவு பார்ப்பதாக நினைக்காதே. கேமரா வாக்கிங் போகிறது, அவ்வளவுதான்.

சாப்பிடுகிறேன். ஆபீஸில் சேனாபதி என்று ஒரு நண்பர், அவர் மனைவி வாரம் ஒரு டப்பா குழம்பு கொடுத்துவிடுகிறார். உன் கை காரம் அதில் இல்லை.

அன்புடன்,
அகிலன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜனவரி 5, 2026

அன்புள்ள மாமாவுக்கு,

புது வருடத்துக்கு எங்கள் வாழ்த்து. வெண்பாவும் தமிழில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்து "அப்பா" என்று மட்டும் எழுதிவிட்டு, கை வலிக்கிறது என்று போய்விட்டாள். அந்தத் தாளை உள்ளே வைத்திருக்கிறேன்.

இங்கே வாரக் கடைசியில் நல்ல பனி. டிரைவ்வேயில் கிடந்த பனியை நானே தள்ளினேன், முதுகு இரண்டாகிவிட்டது. உங்கள் செல்லத்தைக் காலை மாலை வெண்பாவின் பெயின்ட் பிரஷ்ஷை ஒரு குச்சியில் கட்டித் தட்டிவிட்டேன். தலையில் நேராகப் பனி விழுந்துகொண்டே இருந்ததால் ஒரு வேலை செய்தேன், திட்டாதீர்கள். பட்டேல் கடையில் வாங்கும் பெரிய தயிர் டப்பாவை ஒரு பக்கம் வெட்டி, அதே குச்சியால் தூக்கிக் கூரை மாதிரி அதன் மேல் மாட்டினேன். லென்ஸை மறைக்கவில்லை, திரும்புவதையும் தடுக்கவில்லை. ப்ரியம்வதா ஆன்ட்டி பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இன்ஜினியர்தானே, இதுக்கு வேற தொப்பி கிடைக்கலியா?" என்றார். தயிர் டப்பா இல்லாமல் நம் வீட்டில் எந்த இன்ஜினியரிங் நடந்திருக்கிறது என்றேன்.

ஆனால் ஒன்று. இரண்டு நாளாக அது திரும்பும்போது கீச் கீச் என்கிறது. தலையாட்டுவதும் மெதுவாகிவிட்டது. "அப்பா இஸ் ஸ்லீப்பி" என்கிறாள் மகள். அவள் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறாள், டிரைவர் அம்மா ஹார்ன் அடிக்கிறார்.

ராத்திரி வாக்கிங் சத்தம் கேட்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அது போய்வந்தால்தான் தூக்கம் வருகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எழுதுகிறேன்.

அன்புடன்,
கண்மணி


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஜனவரி 18, 2026, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று நல்ல வெயில். ஃபாரன்ஹீட்டில் நாற்பது டிகிரிக்கு மேல் போனது, கூரையெல்லாம் சொட்டுகிறது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தேன். கராஜிலிருந்து ஏணியை எடுத்துப் போட்டு, ப்ரியம்வதா ஆன்ட்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மேலே ஏறிவிட்டேன். ஆமாம், நான்தான். மூன்றாவது படியில் கண்ணை மூடிக்கொண்டேன், ஆறாவதில் திறந்தேன்.

கழுத்து திரும்பும் இடுக்கில் வெண்பாவுக்கு மருந்து கொடுக்கும் குழாயால் நாலு சொட்டு எண்ணெய் விட்டேன். தேங்காய் எண்ணெய் இல்லை. குளிரில் அது பாட்டிலிலேயே கல்லாகிவிடுவதைத் தினமும் பார்க்கிறேன், எனக்கு அவ்வளவு தெரியாதா. நல்லெண்ணெய். அது ஃப்ரிட்ஜில் வைத்தாலும் உறைவதில்லை, வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் சோதிக்காமல் செய்வேனா. கொஞ்ச நேரத்தில் கீச் சத்தம் நின்றுவிட்டது. நீங்கள் மதியம் அதைத் திருப்பியபோது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போயிற்று. உள்ளே எதையும் தொடவில்லை. செவ்வாய் காலை அவள் கேட்டவுடனே தலையாட்டலாம், பஸ் காத்திருக்க வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். குழந்தை பக்கத்தில் இருப்பாள், அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை என் மேனேஜரிடம் பேசினேன். டெக்சஸிலிருந்து வேலை பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள். ஏப்ரல் லீவில் நாங்கள் வருகிறோம். பார்த்துவிட்டுத் திரும்ப வரவில்லை மாமா, அங்கேயே இருக்க வருகிறோம். மார்ச் வரை நேரம் கேட்டேன், அவ்வளவு நாள் தேவைப்படவில்லை. இந்த மூன்று மாதக் கடிதங்களில் நீங்கள் ஒருமுறைகூட என்னை எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்கவில்லை. எனக்கு அது போதும். கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் ஹீட்டர் என்று எழுதியே மனசை மாற்றிவிட்டீர்கள்.

வெண்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், கேமராவில் தலையாட்டிச் சொல்லுங்கள். நாளை அரசு விடுமுறை, இந்தத் தபால் செவ்வாய்க்கிழமைதான் கிளம்பும். ராத்திரியிலிருந்து குளிர் இறங்கும் என்கிறார்கள். கையோடு எழுதி முடித்துவிட்டேன்.

உங்கள்
கண்மணி


சுகர் லேண்ட்
ஜனவரி 21, 2026

கண்மணிக்கு,

நேற்றுக் காலை கேமரா ஆப்பைத் திறந்தேன். சுவர் தெரிந்தது. கராஜ் பக்கச் சுவர், சாம்பல் நிறம், வேறொன்றும் இல்லை. பஸ் முனைக்குத் திருப்பப் பார்த்தேன், நகரவில்லை. இன்று காலையும் அதே சுவர்.

இன்று எனக்கு அவள் குரல் கேட்டது. அதுதான் கொடுமை. "அப்பா, கேன் யு ஸீ மை நியூ பூட்ஸ்?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள். பஸ் வந்து ஹார்ன் அடிக்கிற சத்தம் கேட்டது, பஸ் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம் கேட்டது. நான் பார்க்கிங்கில் உட்கார்ந்துகொண்டு அந்த அம்பை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸுக்கே போகவில்லை.

ஞாயிறன்று உன் கை லென்ஸுக்கு மிக அருகில் தெரிந்தது. ஏணியில் ஏற மாட்டாய், உயரம் என்றால் உனக்குப் பயம். அந்தப் பயத்தையும் மீறி ஏறி என்ன செய்தாய்? அதுவரை வேலை செய்த கேமரா, உன் கை பட்ட இரண்டே நாளில் சுவரைப் பார்க்கிறது. தயிர் டப்பா வைத்தாய், சரி என்று இருந்தேன். இப்போது எதை வைத்துக் கட்டியிருக்கிறாய்?

நான் முட்டாள் இல்லை. டிரைவ்வேயை நான் பார்க்கக்கூடாது என்றால் டிரைவ்வேயில் ஏதோ இருக்கிறது. யார் வண்டி வந்து நிற்கிறது? கடிதத்தில் இனிக்க இனிக்க எழுதிக்கொண்டே என் மகளை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டாய். என்னிடம் மிச்சமிருந்தது காலையில் அந்த ஐந்து நிமிஷம். அதையும் எடுத்துக்கொண்டாய்.

நேற்றே பொள்ளாச்சிக்குப் போன் செய்து உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் வீட்டாருக்கும் தெரியட்டும். அவர் கேட்டுக்கொள்வார்.

அகிலன்


சுகர் லேண்ட்
ஜனவரி 28, 2026

அன்புள்ள கண்மணிக்கு,

நீ பதினெட்டாம் தேதி எழுதிய கடிதம் நேற்று மாலைதான் கைக்கு வந்தது. பனிப்புயலில் தபால் எங்கோ தங்கிவிட்டது. தபால் பெட்டியருகில் நின்றபடியே படித்தேன்.

எட்டு முறையோ பத்து முறையோ போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது நியாயம்.

என் முந்தைய கடிதம் உனக்கு வந்திருந்தால் கிழித்துப் போடு. வராதிருந்தால் பிரிக்காதே. நல்லெண்ணெய் ஃப்ரிட்ஜில் உறையாது, அந்தத் திங்கள் ராத்திரிக் குளிரில் உறையும். ஃபாரன்ஹீட்டில் ஐந்து டிகிரி வரை, தண்ணீர் உறைவதற்கும் வெகு கீழே, இறங்கியிருக்கிறது. கேமரா நடை போய்க் கராஜ் சுவரைப் பார்த்த நேரத்தில் இறுகி அங்கேயே நின்றுவிட்டது. சுவர் வரை போகச் சொன்னது நான்தான். வெயில் வந்ததும் தானாக இளகியிருக்கும். நான்தான் அம்பை விடாமல் அழுத்தினேன். புதன்கிழமை மைக்கில் ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. உள்ளே பற்சக்கரம் போய்விட்டது. உனக்குச் சொன்ன பாடத்தை நான் கேட்கவில்லை.

கேமரா போகட்டும். உன்னைப் பற்றி எழுதியது எதுவும் நிஜமில்லை, எழுதும்போதே நிஜமில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அண்ணனிடம் பேசிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இந்த வாரமே லீவு போட்டுவிட்டு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. ஏப்ரலுக்கு இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது. வெண்பாவுக்கு மாடி அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன்.

கண்மணி, ஒரு வார்த்தை.

உன்
அகிலன்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மார்ச் 22, 2026

வெண்பாவின் அப்பாவுக்கு,

இத்தனை வாரம் பதில் எழுதாமல் உங்களைக் காக்க வைத்துவிட்டேன். ஞாயிறு போனில் நீங்கள் வெண்பாவிடம் "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்பதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தண்டிப்பதற்காகப் பேசாமல் இருக்கவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் வேறு கடிதம் வந்தது. கோபமாக ஒன்று, ஏப்ரலில் வருகிறோம் என்று ஒன்று. இரண்டையும் அனுப்பவில்லை.

அந்தப் புதன்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அவள் புது பூட்ஸோடு போய் நின்று கேட்டாள். முந்தின நாளைப் போலவே பதில் இல்லை. பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நான் கோட்டுகூடப் போடாமல் ஓடிப்போய்த் தூக்கினேன், மூக்கெல்லாம் சிவந்திருந்தது. "அப்பா இஸ் மேட் அட் மீ. ஹி இஸ் லுக்கிங் அட் தி வால்" என்றாள். இல்லை கண்ணு, கேமராவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன். உள்ளே உட்கார வைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டே, இன்று மத்தியானம் ஏணி போட்டு ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டலாம், அப்பாவுக்கு உடனே மெசேஜ் போட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

வெள்ளியங்கிரி அண்ணனை உங்களுக்குத் தெரியும், எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. "ஏனம்மிணி, மாப்பிள்ளை அழுவாத குறையாப் பேசுனாரு. புள்ளையப் பார்க்கறதுக்கு வெச்ச கேமராவச் செவுத்துப் பக்கம் திருப்பிக் கட்டிப்போட்டயாமா? வாசல்ல வேற யாரு வண்டியோ நிக்குதுங்கறாரு" என்று கத்தினார். என் அப்பா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அவர் இருமலில் தெரிந்தது. கத்தி முடித்துவிட்டு அண்ணன் குரலை இறக்கி, "நெசமா அம்மிணி? நீயே சொல்லு" என்றார். அவர் பாதி உலகம் தாண்டி இருக்கிறார், கேமரா என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. அவருக்குக்கூட என்னிடம் கேட்கத் தோன்றியது.

உங்கள் கடிதம் வந்தது, படித்தேன், கிழிக்கவில்லை. மன்னிப்புக் கேட்ட கடிதமும் வந்தது, அதையும் படித்தேன். எண்ணெய் விட்டது என் தப்பு, அழுத்தியது உங்கள் தப்பு. கேமராவைப் பொறுத்தவரை கணக்கு சரியாகிவிட்டது, அதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

எனக்கு வருத்தம் வேறு. உங்களுக்கு அது நின்றதும் குளிர் ஞாபகம் வரவில்லை. மோட்டாரைப் பற்றி நாலு பக்கம் எழுதத் தெரிந்த மனுசர் நீங்கள். ஐஸ், கிரீஸ், கரண்ட் என்று எத்தனை காரணம் உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் தாண்டி முதலில் உங்கள் மனசு போய் நின்ற இடம் நான். அதுவும் பயத்தோடு ஏணியில் ஏறி, அவள் சிரிப்பு உங்களுக்குத் தாமதமாகக் கூடாது என்று நான் நினைத்த அந்த நாளையே எனக்கு எதிராக எடுத்துவைத்தீர்கள். உங்கள் போனில் என் பெயர் முதலில் இருக்கும். அதைத் தாண்டிப் போய் அண்ணன் பெயரைத் தேடி எடுத்திருக்கிறீர்கள்.

நவநீத்துக்குப் போன் செய்தபோது சிரித்துச் சமாளித்தேன். இந்த முறை என் அப்பா இருமியது காதிலேயே நிற்கிறது. சுகர் லேண்டுக்கு வந்தால் எனக்கு ஒரு நாள் ஃப்ரீவேயில் தாமதமாகும், ஒரு நாள் போனில் சார்ஜ் இருக்காது, ஒரு நாள் வேறு ஏதாவது உறைந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் யாருக்குப் போன் செய்கிறீர்களோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். என்னால் முடியாது மாமா. வேலையை இங்கேயே தொடர்கிறேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் நாங்கள் வரவில்லை.

நீங்கள் கெட்டவர் இல்லை. இதை வெண்பாவிடமும் எப்போதும் சொல்வேன். அவளைப் பிரிந்து அங்கே நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நானும் இங்கே தூங்குவதில்லை. ஆனாலும் என் முடிவு இதுதான்.

கேமராவை ப்ரியம்வதா ஆன்ட்டியின் வீட்டுக்காரர் கழற்றிக் கொடுத்தார், டப்பாவில் போட்டு அனுப்புகிறேன். வேறு மாட்டப்போவதில்லை. தினமும் காலையில் அவள் சாப்பிடும் நேரத்தில் வீடியோவில் கூப்பிடுங்கள், உங்களுக்கு ஏழுக்கு முன்னால் இருக்கும். நானே போனை அவளுக்கு எதிரில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறேன். அவள் கேட்பதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லுங்கள், அவள் தமிழும் கொஞ்சம் தேறும்.

பள்ளி முடிந்ததும் கோடை முழுவதும் அவள் உங்களோடு இருக்கட்டும். ஜூன் கடைசியில் நானே விமானத்தில் கூட்டி வருகிறேன். ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் உங்களிடம் விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவேன். அங்கே என்னை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றுகூடச் சொல்லாதீர்கள். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

கண்மணி